நடுவில் இருக்கிற நாற்பது நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மடிப்பாக்கத்தில் இருக்கிறேன், வயது 58. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலைக் காபியோடு உங்கள் பத்திரிகைதான். கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை, அதனால் நீளமாகிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். காரணம் அங்கே வரும்போது தெரியும்.

போன ஞாயிறு நகரப் பக்கத்தில் ஒரு தத்தெடுப்பு முகாம் படம் வந்திருந்தது. கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய நாட்டு நாய்க்குட்டி, அதைத் தூக்கி வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு பள்ளிக்கூடப் பெண். அதே பக்கத்தில் கீழே, வேறொரு ஏரியாவில் ஒருவரை நாய் கடித்த செய்தி. பேப்பரில் நாய் வந்தால் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் வருகிறது, கடி அல்லது ரிப்பன். குறையாகச் சொல்லவில்லை, இரண்டுமே செய்திதான். ஆனால் அந்தக் குட்டி ரோட்டோரம் கிடந்த நாளுக்கும் ரிப்பன் கட்டிய நாளுக்கும் நடுவில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ எங்கேயோ இருந்திருக்கும் இல்லையா, யாரோ ஒருத்தர் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பால்கனியில், மாடிப்படிக்குக் கீழே. அந்த இடம்தான் இந்த ஊரில் கிடைக்க மாட்டேன் என்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் நாய்ப் பிரியை கிடையாது. சின்ன வயதில் என் அண்ணனை நாய் கடித்து, அந்த நாள் வழக்கப்படி தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். அவன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் நாயைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பூனை பற்றி நல்லதாகவும் நினைத்ததில்லை கெட்டதாகவும் நினைத்ததில்லை, மீன் வாங்கும் நாளில் மட்டும் ஞாபகம் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அன்றைக்கு எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. மாடிப்படியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தாய்ப்பூனை நாலு குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. கடைசிக் குட்டியைக் கொண்டுவந்தபோது அது முழுக்க நனைந்து எலி மாதிரி இருந்தது. தண்ணீர் வடிந்த அன்று தாய் வெளியே போனது, திரும்பவில்லை. என்ன ஆயிற்றென்று தெரியாது. குட்டிகளுக்கு ஐந்து வாரம் இருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நான் செய்ததெல்லாம் தப்பு. வீட்டில் இருந்த பாலைக் காய்ச்சி ஊற்றினேன், நாலுக்கும் வயிற்றுப்போக்கு. பசும்பால் பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது என்று யாருக்குத் தெரியும், கதைப் புத்தகத்திலெல்லாம் பூனை பால்தானே குடிக்கிறது! ஒன்றுக்கு உடம்பு சுட்டது. பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனதோடு, நமக்குப் போடும் காய்ச்சல் மாத்திரையில் கால் பாகம் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். கொடுக்கவில்லை, கடவுள் புண்ணியம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், மிகச் சின்ன அளவே ஆளைக் காலி பண்ணிவிடும் என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. இதைப் படிக்கிறவர்கள் வேறெதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இரண்டு குட்டிகள் பிழைக்கவில்லை. பூனைகளுக்கு வருகிற ஒரு வைரஸ், நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோவுக்கு உறவு முறை, வாந்தியும் பேதியுமாக இரண்டு நாளில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தடுப்பூசி இருக்கிறது, போடுகிற வயது வருவதற்குள் நோய் வந்துவிட்டது. டாக்டர் இன்னொன்றும் சொன்னார், இந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும், பிளீச் போட்டுக் கழுவுங்கள், ஒரு வருடத்துக்கு ஊசி போடாத குட்டி எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று. என் கணவர் போக்குவரத்துக் கழகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் டெப்போ மாதிரிதான் செய்வார். மூன்று நாள் வீடு முழுக்க பிளீச் நெடி.

மிச்சம் இரண்டும் தேறின. ஆளுக்கொரு சாம்பல் பந்து மாதிரி ஆகி, திரைச்சீலையில் ஏறித் தொங்க ஆரம்பித்த பிறகு கீழ்க்கட்டளையில் ஒரு டீச்சர் கேட்டார். ஒன்று போதும் என்றார். நான், இரண்டும் சேர்ந்தால் தருகிறேன், பால்கனிக்கு வலை அடித்த பிறகு தருகிறேன் என்றேன். என்னமோ பெண் கொடுக்கிற மாதிரி கண்டிஷன் போட்டேன் என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அடுக்குமாடியில் இருந்து பூனை விழாது என்று நினைப்பது தவறு, புறாவைத் துரத்திக்கொண்டு போய் விழுந்து தாடை உடைந்த பூனையை நானே மருத்துவமனை வரிசையில் பார்த்திருக்கிறேன். எல்லா ஃபிளாட்டிலும் புறாவுக்காக அடிக்கிறார்களே அந்த வலை போதும். டீச்சர் வலை அடித்துப் படம் எடுத்து அனுப்பினார். இப்போது இரண்டும் அவர் திருத்தும் விடைத்தாள் மேல்தான் தூங்குகின்றனவாம்.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மருத்துவமனை வரிசையில் பழக்கமான ஒரு பெண், அடிபட்ட நாய்களை எடுத்துப் பார்க்கிறவள், ஐ.டி. வேலை, ஒரு நாள் போன் பண்ணினாள். "ஆன்ட்டி, குட்டியைத்தானே வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, பெரிய நாய்க்கு ஊசியெல்லாம் போட்டாச்சு, பதினஞ்சே பதினஞ்சு நாள்." ஃபாஸ்டர் என்று சொல்கிறார்கள் இதற்கு, நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குணமாகி வேறு வீடு கிடைக்கிறவரை வைத்துக்கொள்வது. எனக்கோ நாய் பயம். ஆனால் என்னவோ சரி என்று சொல்லிவிட்டேன்.

வந்தது ஒரு செவலை நிற நாட்டு நாய், பெண், ஒன்றரை வயது இருக்கும். யாரோ குட்டியாக இருக்கும்போது ஆசையாகக் கழுத்தில் நீல நைலான் கயிறு கட்டியிருக்கிறார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போய், அதன்மேல் சதை மூடி, புழு வைத்திருந்தது. கயிற்றை மயக்க ஊசி போட்டு வெட்டி எடுத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைப் புண். புண்ணைச் சொறிந்துகொள்ளாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல் ஒன்று மாட்டியிருந்தது. வண்டியிலிருந்து இறங்கி நேராக வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது, புனல் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது.

நாய்கள் காப்பகத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நானும் கேட்டேன். அங்கே கூண்டு குறைவு, அதுதான் முதல் காரணம், இந்த நாயை எடுத்தால்தான் அந்த இடத்தில் அடுத்ததை வைக்க முடியும். இரண்டாவது, திறந்த புண்ணோடு இருக்கிற நாய், சுற்றிலும் இருமுகிற நாய்கள், என்னதான் சுத்தமாக வைத்தாலும் ஒன்றுக்கு ஒன்று ஒட்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிறகு புரிந்தது: கூண்டில் பயந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கிற நாயைத் தத்தெடுக்க வருகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அதன் குணம் என்னவென்று அங்கே யாருக்கும் தெரிய வழியில்லை. வீட்டில்தான் தெரியும்.

மூன்று நாள் அது எங்களைப் பார்க்கவே இல்லை. ராத்திரி நாங்கள் விளக்கணைத்த பிறகு எழுந்து வந்து சாதம் தின்னும், காலையில் தட்டு காலியாக இருக்கும். இப்படித்தான் இருக்கும், முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும் என்று அந்தப் பெண் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஒன்பதாவது நாள் என் கணவர் ஈரல் துண்டு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது வால் நுனி மட்டும், ஒரு இஞ்ச், ஆடியது. அவர் என்னைக் கூப்பிட்ட கத்தலில் நாய் மறுபடி உள்ளே போய்விட்டது. குக்கர் விசில் அதற்கு எமன். விசில் வந்தால் கட்டிலுக்கு அடியில். நான் ஒரு மாதம் பருப்பைப் பாத்திரத்தில்தான் வேகவைத்தேன் என்றால் நம்புவீர்களா, கேஸ் சிலிண்டர் என்ன விலை விற்கிறது!

தினமும் காலையிலும் ராத்திரியிலும் புண்ணைக் கழுவி மருந்து போட வேண்டும். முதல் வாரம் நான் தள்ளி நின்று பாத்திரம் மட்டும் பிடித்தேன். மூன்றாவது வாரம் நான் கழுத்தைப் பிடித்தேன், அவர் கழுவினார். கடிக்கவில்லை, ஒரு தடவைகூட. வலித்தால் கையை வாயில் பிடிக்கும், அழுத்தாது. முன்னெச்சரிக்கையாக நாங்கள் இருவரும் வெறிநாய்க்கடி ஊசி மூன்று போட்டுக்கொண்டோம், கையில் போடுகிற ஊசிதான், எறும்பு கடித்த மாதிரி. பதினாலு ஊசிக் காலமெல்லாம் போய்விட்டது. ஆனால் யாருக்கானாலும் கடியோ கீறலோ பட்டால் உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. இதை நாய் வளர்க்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாற்பதாவது நாள் தோல் மூடியது. முடி முளைக்கவில்லை, கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, பூணூல் மாதிரி இருக்கிறது என்றார் மாமியார். பதினைந்து நாள் என்று சொன்னது நாற்பதாகிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும், இந்த விஷயத்தில் யாரும் கணக்குச் சரியாகச் சொல்வதில்லை.

அப்புறம் வீடு தேடும் படலம். வந்தவர்களில் பாதிப் பேர் "லேப்ரடார் இருக்கா" என்றார்கள். இன்னும் சிலர், குட்டியாக இருந்தால் பரவாயில்லை, பெரிசு ஒட்டாதே என்றார்கள். பைரவர் சன்னிதியில் வடைமாலை சாத்துகிற ஊர் இது, வாகனத்துக்கு ஒரு மூலை கொடுக்க யோசிக்கிறோம். ஒரு தம்பதி ஆசையாக எடுத்துப் போய்ப் பதினோராவது நாள் கொண்டுவந்து விட்டார்கள், ஃபிளாட்டில் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த வீட்டுப் பெண் அழுதுகொண்டேதான் போனாள். ஆனால் குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணியே கூடாது என்று தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது யார் கண்ணிலும் பட்ட மாதிரி தெரியவில்லை. உங்கள் பத்திரிகையில் ஒரு நாள் கட்டம் கட்டிப் போடலாம்.

திரும்பி வந்த செவலை மறுபடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது. அதைப் பார்த்து என் கணவர் அன்று சாப்பிடவில்லை.

கடைசியில் பள்ளிக்கரணையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம். அவர்களும் குட்டி கேட்டுத்தான் வந்தார்கள், பத்து வயதுப் பையனுக்காக. பையனுக்கு நாய் வேண்டும், கிட்டே வந்தால் பயம். செவலைக்கும் பயம். ஹாலில் ஆளுக்கொரு மூலையில் இரண்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் பெரியவர்கள் நாலு பேரும் டீ குடித்துவிட்டு எதெதையோ பேசினோம். எழுந்து போகும்போது பையன், "இதுவே போதும்" என்றான். விண்ணப்பம், ஆதார் நகல், கருத்தடைச் சான்று, வீட்டை ஒரு தடவை போய்ப் பார்ப்பது, எல்லாம் முறையாக நடந்தது. ஆறு மாதம் கழித்துப் போனேன். குக்கர் விசிலுக்கு ஓடிய நாய், தடதடவென்று ஓடுகிற தையல் மெஷின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் கால் நீட்டித் தூங்குகிறது. என்னை அடையாளம் தெரிந்தது, வந்து கையை நக்கியது, அப்புறம் திரும்பிப் போய் அதே இடத்தில் படுத்துக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், தெருநாய் என்றால் உடனே எல்லாவற்றையும் பிடித்து அடை என்கிறார்கள் அல்லது எல்லாவற்றுக்கும் பிஸ்கட் போடு என்கிறார்கள். 2024-இல் எடுத்த கணக்கில் சென்னையில் மட்டும் ஏறக்குறைய 1,80,000 தெருநாய்கள். அத்தனைக்கும் கூண்டு கட்ட எங்கே இடம்? 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களைப் பிடித்து அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது, வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சியில் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வரக்கூடாது என்றும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. பிறகு நவம்பரில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. நல்லது கெட்டது பேச நான் வக்கீல் இல்லை. திரும்பப் போக இடமில்லாத நாய்கள் இனி அதிகமாகும், அது மட்டும் எனக்குப் புரிகிறது.

தெருவில் ஆரோக்கியமாக, கருத்தடை செய்த அடையாளமாகக் காதில் வெட்டோடு, நாலு வீட்டுச் சாதம் தின்றுகொண்டு திரிகிற நாயை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. அதற்கு அந்தத் தெருதான் ஊர். கால் போனது, கண் போனது, தாயில்லாத குட்டி, அப்புறம் வளர்த்து அலுத்துப் போய் ரோட்டில் இறக்கிவிட்ட சாதி நாய், இவைதான் திரும்பப் போக முடியாதவை. சாதி நாய் படும் பாடு இன்னும் மோசம், அதற்குக் குப்பையில் தேடித் தின்னவும் தெரியாது. மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமமும் தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. நல்ல விஷயம், சிப் இருந்தால் யார் இறக்கிவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்து? 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டத்தில் பிராணியைப் பட்டினிக்கு ஆளாக்கிக் கைவிடுவது குற்றம்தான், முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். அந்த வருடம் ஐம்பது ரூபாய் பெரிய பணமாக இருந்திருக்கும். இன்று அரைக் கிலோ மல்லிகை வாங்க முடியுமா அதில்?

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. விலங்குகளைக் காப்பாற்றுகிற புளூ கிராஸ் அமைப்பே 1959 மழையில் விமானி கேப்டன் சுந்தரம் தி.நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து வீட்டில் வைத்ததில்தான் தொடங்கியது என்பார்கள். மாநகராட்சி நாய்களைக் கரண்ட் வைத்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. 1964-லேயே புளூ கிராஸ்காரர்கள் கருத்தடைதான் வழி என்று செய்ய ஆரம்பித்தார்கள், மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு, முதல் இரண்டு குட்டிக்கும் காப்பகம் என்று ஒன்று கிடையாது, ஒரு வீடுதான் இருந்தது.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். மருந்தும் டாக்டரும் பெரும்பாலும் எடுத்து வந்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குச் சாதமும் கோழியும்தான், ஒரு நாளைக்கு அறுபது எழுபது ரூபாய். பெரிய செலவு நேரம், அப்புறம் மனசு. கொடுக்கும்போது அழுகை வரும். வரட்டும். அழக்கூடாது என்பதற்காக வைத்துக்கொண்டால் அடுத்ததற்கு இடம் இருக்காது. (இப்படிச் சொல்கிற எங்கள் வீட்டிலேயே மூன்று காலோடு ஒருவன் வந்து, தற்காலிகம் என்று சொல்லி ஒன்றரை வருடமாகிறது. கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.)

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். வாடகைக்கு வீடு, மணமகன் தேவை என்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் வருகிறதே, அதன் ஓரத்தில் நாலு வரி இடம், ஃபாஸ்டர் வீடு தேவை என்று. எந்த ஏரியா, எத்தனை வாரம், நாயா பூனையா, என்ன சிகிச்சை நடக்கிறது, அவ்வளவுதான். படம்கூட வேண்டாம். போனில் பார்த்து இதயம் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பேப்பரைப் படித்துவிட்டு யோசிக்கிற, பிள்ளைகள் வெளியூர் போய் ஒரு அறை காலியாகக் கிடக்கிற, என் வயதுக்காரர்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள்.

கடைசிப் பத்தி இது. எங்கள் மாடிப்படிக்குக் கீழே இப்போது ஒரு கறுப்புப் பூனை இருக்கிறது, ஆண், சுமார் ஒரு வயது. சண்டையில் கெட்டுப்போன இடது கண்ணை எடுத்துவிட்டுத் தைத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள், அன்றைக்கே கழுத்துப் புனலையும் கழற்றிவிடுவார்கள். கருத்தடை ஆயிற்று, ஊசி எல்லாம் போட்டாயிற்று. கறுப்பு என்பதால் சகுனம் பார்த்து இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. மடியில் ஏறி உட்கார்ந்தால் இறங்காது, மீனைவிடத் தயிர் சாதம் பிடிக்கிறது. பால்கனியில் வலை உள்ள வீடாக இருந்தால் நல்லது. விவரம் கேட்டு யாராவது உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், தயவுசெய்து எனக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி